அரசு ஒரு ரூபாய்கூட தராத டெண்டர்... அப்புறம் ஏன் கோர்ட் வரை சண்டை? ராணுவ முகாம் பேப்பர் முதல் ஜவ்வாது மலை கடுக்காய் வரை

ஜமுனாமரத்தூர் பக்கம் போய் ‘டெண்டர்’ என்று சொன்னால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். ரோடு டெண்டர், பள்ளிக்கூடக் கட்டட டெண்டர், குடிநீர்த் தொட்டி டெண்டர் என்று ஜவ்வாது மலைக்காரர்களுக்கு அது பழகிய சொல். யார் எடுத்தார், யாருக்குக் கிடைக்காமல் போச்சு, வேலை ஏன் பாதியில் நிற்குது என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இன்னொரு வகை இருக்கிறது. அதில் அரசு யாருக்கும் பணம் தராது. ‘இந்த இடத்தில் நீ வசூல் பண்ணிக்கோ’, ‘இந்த மரத்தில் நீ பறிச்சுக்கோ’, ‘இந்தச் சுவரில் நீ விளம்பரம் வெச்சுக்கோ’ என்று உரிமையை மட்டும் கொடுக்கும். சாலையோரப் புளியமர ஏலம், வாரச்சந்தை சுங்கம், ஏரி மீன்பாசி குத்தகை, வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் இந்த ரகம். கஜானாவில் இருந்து ஒரு பைசா வெளியே போகாததால் இதில் ஊழல், முறைகேடு என்று செய்தி வருவது குறைவு. ‘அரசுக்கு வருமானம்தானே வருது, அப்புறம் என்ன?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் என்ன என்பதுதான் விஷயம். அதைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் விசித்திரமான ஓர் ஒப்பந்தத்தில் இருந்து தொடங்கலாம். அமெரிக்க ராணுவ முகாம்களில் இலவசமாகக் கிடைக்கும் பேப்பர்.

முகாமுக்குள் ஒரு பேப்பரா?

அமெரிக்காவில் ஒரு பெரிய ராணுவ முகாம் என்பது நம் ஊர்க்கணக்கில் ஒரு நகராட்சி மாதிரி. வீரர்கள், குடும்பங்கள், பள்ளி, மருத்துவமனை, கடைகள் எல்லாம் உள்ளேயே. அவர்களுக்கென்று வாரம் ஒரு முறை பேப்பர் வரும். யாருக்குப் பதவி உயர்வு, எந்த கேட் மூடியிருக்கு, ஞாயிற்றுக்கிழமை என்ன நிகழ்ச்சி என்பது மாதிரியான செய்திகள்தான் அதிகம்.

இந்தப் பேப்பர்களில் இரண்டு வகை. ஒன்று, ராணுவமே காசு போட்டு அச்சடிப்பது. இன்னொன்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘சிவிலியன் நிறுவன நாளிதழ்’ என்று சொல்லலாம். இதில் வேலைப் பிரிவினை வேடிக்கையாக இருக்கும். செய்தியை எழுதுவதும், எது வரணும் எது வரக்கூடாது என்று முடிவு செய்வதும் முகாமின் மக்கள் தொடர்பு அலுவலகம். அச்சடிப்பதும், முகாம் முழுக்க விநியோகிப்பதும் வெளியே இருக்கும் தனியார் பத்திரிகை நிறுவனம். ராணுவம் அந்த நிறுவனத்துக்குப் பணம் தராது. படிப்பவரும் காசு கொடுப்பதில்லை.

அப்போ அந்த நிறுவனத்துக்கு என்ன லாபம்? விளம்பரம். முகாம் கேட்டுக்கு வெளியே இருக்கும் கார் ஷோரூம், வீட்டு வாடகை ஏஜென்சி, பீட்சா கடை, கடன் கொடுக்கும் கம்பெனி எல்லோருக்கும் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேண்டும். மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம் வாங்கும் வாடிக்கையாளர்கள். அவர்கள் கையில் நேராகப் போய்ச் சேரும் ஒரே பேப்பர் இதுதான் என்றால், விளம்பரக் கட்டணத்தை யார் நிர்ணயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆக, ராணுவம் அந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது கேட்டுக்கு உள்ளே போகும் வழியை. ரூபாயில் எழுத முடியாத, ஆனால் சந்தையில் நல்ல விலை போகும் சரக்கு அது.

விலையே இல்லாத டெண்டரில் யார் எல்-1?

ரோடு டெண்டரில் கணக்கு எளிது. தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவர் ‘எல்-1’. முகாம் பேப்பரில் எல்லோருடைய விலையும் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். எத்தனை பிரதி அடிப்பார், எத்தனை பக்கம், கலர் எத்தனை, விநியோகம் எவ்வளவு சுத்தமாக நடக்கும், முன் அனுபவம் எப்படி என்று பார்த்து ஒரு குழு மதிப்பெண் போடும். மதிப்பெண் என்று வந்துவிட்டால் ‘எனக்கு ஏன் குறைச்சே?’ என்ற கேள்வியும் கூடவே வரும். இத்தனை வருஷம் நடத்தியவருக்கு அனுபவ மதிப்பெண் அதிகம், அதனால் அவரே திரும்பவும் ஜெயிக்கிறார், புதிதாக வருபவருக்கு அந்த அனுபவம் கிடைக்கவே கிடைக்காது. அரசு ஒப்பந்தம் எதிலும் நம் ஊரில் கேட்டுப் பழகிய புகார்தான்.

இதில் தோற்றவர் முறையிட்டால் அரசுத் தரப்பின் முதல் பதில் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். ‘நாங்கள்தான் காசே செலவு பண்ணலையே. இது கொள்முதலே இல்லை. கொள்முதல் விதிகள் எப்படிப் பொருந்தும்?’

அமெரிக்காவில் இதற்கு 1985-லேயே ஒரு பதில் கிடைத்தது. அது பேப்பர் வழக்கில் வரவில்லை, டிராவல் ஏஜென்சி வழக்கில் வந்தது. அரசு ஊழியர்களின் பயண டிக்கெட்டை எடுத்துக்கொடுக்கும் ஏஜென்சிக்கு அரசு பணம் தராது. விமான நிறுவனங்கள் தரும் கமிஷன்தான் வருமானம். அந்த ஒப்பந்தம் கிடைக்காத ஒரு நிறுவனம், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.-விடம் போனது. 1984-ல் கொண்டுவந்த போட்டி ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டி, கஜானா பணம் செலவாகிறதா என்பது கேள்வி இல்லை, அரசு தனக்கு வேண்டிய ஒரு சேவையைப் பெறுகிறதா என்பதுதான் கேள்வி என்ற நிலைப்பாட்டை ஜி.ஏ.ஓ. எடுத்தது. சேவை வாங்கினால் அது கொள்முதல். கொள்முதல் என்றால் முறையீடு உண்டு. பொதுவாக 10 நாளுக்குள் முறையிட வேண்டும், 100 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. முறையிடுபவர் டெண்டரில் கலந்துகொண்டவராகவோ, கலந்துகொள்ளக் கூடியவராகவோ இருக்க வேண்டும். விளம்பரம் கொடுத்த பீட்சா கடைக்காரருக்கும் பேப்பர் படிக்கும் வீரரின் மனைவிக்கும் அங்கே இடமில்லை. இந்த நிபந்தனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

கேட்டுக்கு வெளியே நின்ற பேப்பர்

ஒப்பந்தம் கிடைக்காத பத்திரிகை வேறு ஒரு வழியையும் முயன்று பார்த்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்டூவர்ட் என்ற பெரிய முகாம். அதை ஒட்டிய ஊர் ஹைன்ஸ்வில். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு பதிப்பு நிறுவனம் பாதுகாப்புத் துறை மீதே வழக்குப் போட்டது. ஒப்பந்தப் பேப்பருக்கு முகாமுக்குள் கிடைக்கும் விநியோக வசதி மற்ற பேப்பருக்குக் கிடைக்காதது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்பது வாதம். 1986-ல் 11-வது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ராணுவத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ராணுவ முகாம் பொது மைதானம் அல்ல, யார் எங்கே பேப்பர் போடலாம் என்பதை நியாயமான காரணத்தோடு முகாம் நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1976-ல், ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் அரசியல் பேச்சுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் இருந்த தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் ஒப்பந்தத்தின் உண்மையான விலை தெரியும். டெண்டரில் ஜெயித்தவர் உள்ளே. தோற்றவர் வெளியே, அதுவும் சட்டப்படி வெளியே. பூஜ்ய ரூபாய் டெண்டருக்கு ஏன் கோர்ட் வரை போகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டாம்.

(இப்போது அந்தப் பேப்பர்களே குறைந்துவிட்டன என்பது வேறு கதை. அச்சு விளம்பரம் செல்போனுக்குப் போனதும் பல முகாம்கள் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறின. 2020-ல் ராணுவத்தினருக்கான புகழ்பெற்ற ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ நாளிதழையே மூடச் சொன்னது பென்டகன். எதிர்ப்பு கிளம்பியதும் அப்போதைய அதிபர் டிரம்ப் ட்விட்டரில் ‘மூட மாட்டோம்’ என்று அறிவித்தார். அது ஒப்பந்தப் பேப்பர் இல்லை, ஓரளவு அரசு நிதியில் நடப்பது.)

இந்தியாவில் இப்படி உண்டா?

அப்படியே இல்லை. இங்கே ராணுவத்துக்கான இதழ் என்றால் ‘சைனிக் சமாச்சார்’. 1909 ஜனவரி 2-ம் தேதி ‘ஃபௌஜி அக்பார்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசு தொடங்கியது. 1954-ல் பெயர் மாறியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மக்கள் தொடர்பு இயக்குநரகமே நடத்துகிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் வந்த இதழ் இது. வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பேர் வாங்கி ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் பழைய தலைமுறைக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். தனியாருக்கு விளம்பர உரிமை கொடுத்து நடத்தும் முகாம் பேப்பர் முறை இங்கே வேர் பிடிக்கவில்லை. அதனால் அந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் அதே கேள்வி வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது.

முதலில் வந்தது பம்பாய் விமான நிலைய ஹோட்டல் சட்டையில். ஒரு உணவகம், இரண்டு ஸ்நாக் பார் நடத்த விமான நிலைய ஆணையம் 1977-ல் டெண்டர் விட்டது. ஆணையம் பணம் தராது. ஜெயிப்பவர்தான் மாதாமாதம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். நிபந்தனை என்னவென்றால், பதிவு செய்த இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரராக, குறைந்தது 5 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். ஆனால் மாதம் ரூ.6,666.66 என்று அதிகமாகக் கேட்டிருந்தவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் கேன்டீன் நடத்தியவர், அந்தத் தகுதி அவரிடம் இல்லை. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். 1979 மே மாதம் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, அரசு தன் கையில் இருக்கும் எதைக் கொடுத்தாலும், அது பணமோ, வேலையோ, லைசென்ஸோ, குத்தகையோ, தனியார் மாதிரி மனம்போல் கொடுக்க முடியாது என்றது. தானே போட்ட நிபந்தனையைத் தானே மீறவும் முடியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இவ்வளவு சொன்ன நீதிமன்றம், மனுதாரருக்கு நிவாரணம் எதுவும் தரவில்லை. அவர் டெண்டரே போட்டிருக்கவில்லை, தாமதமாக வந்தார், அதற்குள் ஜெயித்தவர் கடைக்குச் செலவு செய்துவிட்டார் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அரசு செய்தது தப்பு, ஆனால் கடை அவருக்கே. டெண்டர் வழக்குகளில் இந்த முடிவு அபூர்வம் இல்லை. கோர்ட் முடிவு செய்வதற்குள் ரோடு போட்டு முடித்துவிடுவார்கள் என்று ஒப்பந்ததாரர்களே சொல்வது வழக்கம்.

பிறகு 1994-ல் நான்கு பெருநகரங்களுக்கான செல்போன் உரிம வழக்கு, டாடா செல்லுலார். நீதிமன்றம் பார்ப்பது முடிவெடுத்த முறையை மட்டும்தான், முடிவு சரியா தப்பா என்று அரசின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காது என்ற கோடு அதில் போடப்பட்டது. இன்று வரை டெண்டர் வழக்குகளில் அரசு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வீசுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

முகாம் பேப்பருக்கு மிக நெருக்கமான இந்திய வழக்கு சமீபத்தில் வந்தது. கொல்கத்தா ஈ.எம்.பைபாஸ் சாலையில் இரண்டு சுரங்கப்பாதைகளைப் பராமரிக்க டெண்டர். பராமரிப்புக்கு அரசு பணம் தராது. ஒப்பந்ததாரர் பராமரிக்க வேண்டும், கூடவே உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். பதிலுக்கு அங்கே விளம்பரம் வைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். அச்சு அசல் அதே சூத்திரம். எடுத்தவரிடம் இருந்து ஒரு வருஷத்துக்குள் அதை ரத்து செய்தார்கள், டெண்டரிலேயே தொழில்நுட்பக் குறை என்று காரணம் சொன்னார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தூக்கி எறிந்தது. துறை அமைச்சர் சொன்னதைக் கேட்டு அதிகாரிகள் காரணம் தேடியிருக்கிறார்கள், அது தன்னிச்சையானது என்றது. அரசு ஒப்பந்தம் போட்டால் அதன் மீது நம்பி முதல் போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை அழுத்திச் சொன்ன தீர்ப்பு இது.

காட்டுக்குள் வந்தால்?

இதுவரை பார்த்ததெல்லாம் நகரத்துக் கதை. ஜவ்வாது மலையில் இதே சூத்திரம் ஓடியது வனப் பொருளில்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்த மலை இது. பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பேர்தான் மலையாளி, கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், புளி உலுக்குவார்கள், கடுக்காய் பொறுக்குவார்கள். கடுக்காய் சித்த மருந்துக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தோல் பதனிடுவதற்கும் அது வேண்டும். மலையை விட்டு இறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் தொழில் ஊர்கள். அந்தச் சந்தனத்தின் கதை தனி. மலைச் சந்தனத்துக்கு அரசு கிடங்கும் ஏலமும் திருப்பத்தூரில்.

இங்கே ‘கேட்’ என்பது காப்புக்காடு. உள்ளே போகும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் விலை. காட்டுப் பொருளை எடுக்கும் உரிமையை வனத்துறை ஏலம் விட்டுக் குத்தகைதாரருக்குக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அரசுக்குச் செலவில்லை, வருமானம்தான். குத்தகைதாரர் மலையில் வந்து பொறுக்க மாட்டார். பொறுக்குவது மலைக்காரர், எடை போடுவது குத்தகைதாரரின் ஆள். முகாம் பேப்பரில் விளம்பரதாரர் கொடுத்த காசு இங்கே கடுக்காய் பொறுக்கியவரின் கூலியில் கழிகிறது. ‘செலவே இல்லாத’ ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. செலவை வேறு யாரோ ஒருவர் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவர் பெயர் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்காது.

காட்டு ஒப்பந்தங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. 1969-ல் ஒடிசாவின் பீடி இலை வழக்கு. கெண்டு இலை வியாபாரத்தை அரசு தன் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. வாங்கும் உரிமையைப் பழைய ஒப்பந்ததாரர்களுக்கே திரும்பக் கொடுக்கத் திட்டம் போட்டது. மற்றவர்கள் விலை கேட்கவே வழியில்லை. ராஷ்பிகாரி பண்டா என்ற அந்த வழக்கில் திட்டம் செல்லாது என்று தீர்ப்பானது. ஏகபோகம் அரசின் வருவாய்க்கும் மக்களின் நன்மைக்கும்தான், சில தனியார் பாக்கெட்டுக்கு இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

1980-ல் எதிர்த்திசையில் ஒன்று. ஜம்மு காஷ்மீரில் பைன் மரப் பிசின் எடுக்கும் உரிமையை டெண்டரே விடாமல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். கஸ்தூரிலால் வழக்கு. மாநிலத்திலேயே தொழிற்சாலை வரும், வேலை கிடைக்கும், பிசினில் ஒரு பங்கு அரசுக்கு வரும் என்பதால் அது செல்லும் என்றார் அதே நீதிபதி பகவதி. 2ஜி வழக்கில் 122 உரிமங்கள் ரத்தானபோது ‘இனி எல்லாமே ஏலம்தான்’ என்று ஒரு பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கலாம். அதே 2012 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் கட்டாயம் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை என்றே பதில் வந்தது. ஏலம் ஒரு நல்ல வழி, ஒரே வழி இல்லை.

மூன்று தீர்ப்பிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சண்டை போட்டது வியாபாரியும் வியாபாரியும், இல்லையென்றால் வியாபாரியும் அரசும், இல்லையென்றால் பொதுநல வழக்குப் போட்டவர்கள். கெண்டு இலை பறித்த பெண்ணோ, பிசின் வடித்த தொழிலாளியோ தன் பங்கைக் கேட்டு அந்தக் கட்டுகளில் எங்கும் நிற்கவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, 2000 அக்டோபரில் அமலானது. இந்தியாவில் இந்த மாதிரி சட்டம் போட்ட முதல் மாநிலங்களில் ஒன்று என்று பெருமைப்படலாம். ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் என்றால் 30 நாள். முடிவில் திருப்தி இல்லையென்றால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு. இப்போது பெரும்பாலும் ஆன்லைன் என்பதால், டெண்டர் பெட்டிக்கு முன்னால் ஆள் நிறுத்தி மறிக்கும் பழைய வித்தை ஓரளவு குறைந்திருக்கிறது. சிண்டிகேட் போடுவது குறைந்ததா என்றால், அதை யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சட்டத்தின் நோக்கமே பொதுக் கொள்முதல். அரசு வாங்குவதை மனதில் வைத்து எழுதியது. அரசு கொடுப்பதை, அதாவது குத்தகை, வசூல் உரிமை, பறிக்கும் உரிமையை, ஊராட்சிச் சட்டமும் அந்தந்தத் துறையின் விதிகளும் அரசாணைகளும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்கின்றன. மேல்முறையீடு செய்யும் உரிமையும் ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவருக்குத்தான். அமெரிக்காவின் அதே நிபந்தனை. கடுக்காய் பொறுக்குபவர் டெண்டர் போட்டவர் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் பாதிக்கப்பட்டவரும் இல்லை.

அப்போ வழியே இல்லையா?

இரண்டு முயற்சிகள் நடந்தன. முதலாவது கூட்டுறவு. ‘லேம்ப்ஸ்’ என்று மலையில் எல்லோரும் சொல்லும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். வனப் பொருளைக் குத்தகைதாரருக்குப் பதில் சங்கம் எடுக்கும், பழங்குடிகளிடம் நியாய விலைக்கு வாங்கும் என்பது எண்ணம். எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் சங்கத்திடம் பணம் தாமதமானால், அறுவடைக்கு முன்பே வீட்டு வாசலில் முன்பணம் நீட்டும் வியாபாரிதான் ஜெயிப்பார். சங்கத்தின் பெயரில் வெளியாள் எடுக்கும் உள்குத்தகைப் புகார்களும் மலைப்பகுதிகளில் கேட்டவைதான்.

இரண்டாவது, 2006 வன உரிமைச் சட்டம். இது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மாற்றுகிறது. மூங்கில், தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் பழங்குடிகளுக்கும் பரம்பரை வனவாசிகளுக்கும் உடைமை உரிமை இருக்கிறது என்கிறது பிரிவு 3(1)(இ). ஆங்கிலச் சட்டத்தில் அது ‘சி’ உட்பிரிவு. இதன் அர்த்தம் சாதாரணமானது இல்லை. சேகரிப்பவரே உடைமையாளர் என்றால், அதை வேறொருவருக்கு ஏலம் விட அரசிடம் என்ன இருக்கிறது? கேட் சாவி கைமாறுகிறது. நேற்று வரை ஒப்பந்தத்தில் பேரே இல்லாதவர், இன்று எதிர்த்து வழக்குப் போடும் தகுதியுள்ள முதல் ஆள்.

காகிதத்தில் இப்படி. நடைமுறையில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தடைகள். மற்ற பல மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே 1996-ன் பெசா சட்டப்படி கிராம சபைக்கு வனப் பொருள் மீது அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஜவ்வாது மலையும் இல்லை, கல்வராயனும் இல்லை, கொல்லிமலையும் இல்லை. அடுத்து, வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் போட்ட கட்டுப்பாடு. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும் வரை எட்டு வருஷம் மாநிலமே காத்திருந்தது. அதன் பிறகு கொடுத்தவற்றிலும் தனிநபர் நில உரிமைகள்தான் மிக அதிகம். வனப் பொருளுக்கு முக்கியமான சமூக உரிமைகளின் எண்ணிக்கை அதோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஒரு சின்ன விதி இந்த இடைவெளியை நன்றாகக் காட்டும். உடைமை உரிமை கொடுத்த சட்டத்துக்கான ‘2007 விதிகள்’ வந்தபோது, பொருளைத் தலைச்சுமையாகவோ, சைக்கிளிலோ, கைவண்டியிலோ எடுத்துப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். ஜமுனாமரத்தூரில் இருந்து போளூர் சந்தைக்கு மலைப்பாதையில் கடுக்காய் மூட்டையைச் சைக்கிளில் கொண்டுபோவதை எழுதியவர்கள் கற்பனை செய்து பார்த்தார்களா தெரியாது. மூட்டைகளை வேனில் ஏற்றும் வசதி வியாபாரிக்குத்தான் இருந்தது, ஆகவே விலையும் அவர் சொன்னதே. 2012-ல் விதியைத் திருத்தி, தகுந்த வாகனத்தில் கொண்டுபோகலாம் என்றார்கள். கொண்டுபோகும் அனுமதிச் சீட்டையும் கிராம சபை அமைக்கும் குழுவே கொடுக்கலாம் என்றும் சேர்த்தார்கள்.

ஆக, புளி, கடுக்காய் சீசன் தொடங்கும்போது மலை கிராமங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் குறைவுதான். அந்தக் குழு தங்கள் ஊரில் இருக்கிறதா, சமூக உரிமை கேட்டு கிராம சபைத் தீர்மானம் போட்டாச்சா, அந்த மனு கோட்ட அளவிலான குழுவுக்குப் போச்சா, இல்லை ஏதாவது மேஜையில் நிற்குதா. செக்போஸ்டில் வண்டியை நிறுத்தும்போது காட்டுவதற்கு கிராம சபைக் குழுவின் சீட்டு கையில் இருந்தால், உள்ளே இருக்கும் மூட்டை அவர்களுடையது. இல்லையென்றால் சீட்டு வைத்திருப்பவருடையது.